கார் கம்பெனி இன்டர்வியூ: மெக்கானிக்கல் படித்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் எந்தக் கார் கம்பெனியாவது ஆள் எடுக்கிறது என்று தெரிந்தால் போதும், எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. நான் கார் தயாரிப்பில் வேலை செய்கிறவன். கொஞ்ச காலமாக இன்டர்வியூவில் கேள்வி கேட்கும் இடத்திலும் உட்காருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஜிஇடி, டிஇடி, அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒரே வேலைதானே?

உள்ளே போனபிறகு செய்யும் வேலை பல சமயம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் நிலை ஒன்றல்ல. பி.இ. முடித்தவரைக் கம்பெனியே பயிற்சிப் பொறியாளராக எடுத்தால் அது ஜிஇடி. டிப்ளமோ முடித்தவருக்கு அதுவே டிஇடி. பயிற்சிக் காலத்தை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் ஆவதுதான் வழக்கம். அப்ரெண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. உதவித்தொகை உண்டு, சான்றிதழ் உண்டு. முடித்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது.

கான்ட்ராக்ட்டில் போனால் அதே கேட், அதே கேன்டீன், சில இடங்களில் அதே யூனிஃபார்ம்கூட. சம்பளம் மட்டும் வேறொரு நிறுவனத்திடமிருந்து வரும். குழப்பமாக இருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வரும்?" அந்தப் பதிலில் விஷயம் தெரிந்துவிடும்.

மொத்தம் எத்தனை ரவுண்டு இருக்கும்?

புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு டெக்னிக்கல், ஒரு எச்ஆர், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. அனுபவம் உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வு இருக்காது, அதற்குப் பதில் டெக்னிக்கல் இரண்டாகும். மருத்துவப் பரிசோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெயின்ட், ஒயரிங் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு நிறங்களைப் பிரித்தறியும் சோதனை இருக்கலாம். உங்களுக்கு அந்தக் குறை இருந்தால் எந்தத் துறைக்கு எடுக்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

காலேஜ்ல நாலு அரியர் வச்சு கிளியர் பண்ணேன். 60 சதவீதம் வேற இல்ல. போய்ப் பிரயோஜனம் இருக்கா?

கேம்பஸ் தேர்விலும் ஜிஇடி தேர்விலும் "பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம்" என்ற நிபந்தனை போட்டிருந்தால் அங்கே மல்லுக்கட்டிப் பயனில்லை, விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரே கழித்துவிடும். ஆனால் உள்ளே வர அது ஒன்றுதான் வழி என்றில்லை. கார் கம்பெனிகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று வருடம் நன்றாக வேலை பார்த்துவிட்டு வருபவரிடம் மதிப்பெண் பற்றிப் பேச்சு குறைந்துவிடும். அரியர் ஏன் வந்தது என்று கேட்டால் ஒரு வரியில் உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வாத்தியாரைக் குறை சொல்ல வேண்டாம்.

"உங்களைப் பத்தி சொல்லுங்க"ன்னா என்ன சொல்றது?

ஊர், படிப்பு, நீங்கள் கையால் செய்த ஒரு வேலை, இந்தத் துறையில் எது பிடிக்கும். ஒரு நிமிடம் போதும். அப்பா அம்மா தொழில், பொழுதுபோக்கு எல்லாம் கேட்டால் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இங்கே நீங்கள் வாயிலிருந்து விடும் வார்த்தையிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும். "ஐசி என்ஜின் எனக்குப் பிடித்த பாடம்" என்று சொல்லிவிட்டு வால்வ் ஓவர்லாப் (உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருப்பது) ஏன் தேவை என்று கேட்டதும் விழிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களாகவே எடுத்துக் கொடுத்த கேள்வி அது.

எந்தெந்த சப்ஜெக்ட் படிச்சுட்டு வரணும்? எட்டு செமஸ்டரையும் திருப்பிப் படிக்க முடியாதுல்ல?

வேண்டாம். பொருட்களின் வலிமை, உற்பத்தி முறைகள், அளவையியல், ஐசி என்ஜின், இயந்திர உறுப்பு வடிவமைப்பு. இந்த ஐந்தும் அடித்தளம் வரைக்கும் தெரிந்தால் தாக்குப்பிடிக்கலாம். புத்தகத்தில் உள்ள வரையறையை யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. "ஏன்" என்றுதான் கேட்பார்கள். கனெக்டிங் ராடு ஏன் ஐ வடிவக் குறுக்குவெட்டில் இருக்கிறது? பல கார்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்கும் வைப்பது ஏன்? டீசல் என்ஜினுக்கு ஏன் ஸ்பார்க் பிளக் இல்லை? பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, அதனால் முன்சக்கரம்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே யோசித்துச் சொன்னால் அது மனப்பாடமாகச் சொன்னதைவிட இரண்டு மடங்கு எடுபடும்.

அளவையியலில் பலர் கோட்டை விடுகிறார்கள். எனக்குப் பிடித்த ஒரு கேள்வி: டிராயிங்கில் 20 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.05 என்று இருக்கிறது. 0.02 லீஸ்ட் கவுன்ட் (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியரில் அளந்தால் 20.04 வருகிறது. பாகம் சரியா? முக்கால்வாசிப் பேர் "சரி சார், லிமிட்டுக்குள்ள இருக்கு" என்பார்கள். மொத்த டாலரன்ஸே (அனுமதித்த விலகல்) 0.1. அளக்கும் கருவி அதில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஷாப் ஃப்ளோர் (உற்பத்தி நடக்கும் இடம்) வழக்கம். அதனால் 0.01 மைக்ரோமீட்டரை எடுத்து மறுபடி அளக்கிறேன் என்பவரை எனக்குப் பிடிக்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வெளியில காசு கொடுத்து செஞ்சது. அதைப் பத்திக் கேட்டா மாட்டிக்குவேனா?

மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே. "இந்த ஷாஃப்டுக்கு 25 மில்லிமீட்டர் எப்படி முடிவு செய்தீர்கள்? பேரிங் நம்பர் என்ன? வெல்டிங்கில் வளைந்ததா, எப்படி நிமிர்த்தினீர்கள்?" கையால் செய்தவனுக்கு இவை பேச ஆசையாக இருக்கும் கேள்விகள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு நரகம்.

இன்னும் நேரம் இருந்தால் அந்த ப்ராஜெக்டைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பாகமும் ஏன் அந்த அளவு, ஏன் அந்தப் பொருள் என்று கணக்குப் போடுங்கள். தப்பாக வடிவமைத்திருப்பது தெரிந்தால் இன்னும் நல்லது: "இப்போது செய்தால் இந்த இடத்தை இப்படி மாற்றுவேன்" என்று சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அதற்கும் நேரம் இல்லை என்றால் "நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வெளியில் செய்து வாங்கினோம், நான் அசெம்பிளி மட்டும் பார்த்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அதோடு, நீங்களாகவே பிரித்து மாட்டிய ஏதாவது ஒன்றை, அப்பாவின் பைக் கார்புரேட்டராக இருந்தாலும் சரி, பேச வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிடைக்கும் மரியாதை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கார் ஃபேக்டரி உள்ள போனதே இல்ல. குறைஞ்சது என்ன தெரிஞ்சுக்கணும்?

கார் எந்த வரிசையில் உருவாகிறது என்பது தெரிய வேண்டும். முதலில் பிரஸ் ஷாப்: சுருளாக வரும் எஃகுத் தகட்டை வெட்டி, டையில் அழுத்தி, கதவு, பானட், கூரை என்று பேனல்கள் ஆக்குவார்கள். கிழிதல், சுருக்கம், ஸ்பிரிங் பேக் (வளைத்த தகடு கொஞ்சம் பழையபடி திரும்புவது), பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) இவைதான் அங்குள்ள தலைவலிகள். அடுத்தது பாடி ஷாப். ரோபோக்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் ஸ்பாட் வெல்டிங் செய்து காரின் உடற்கூட்டை உருவாக்கும். கரண்ட், நேரம், அழுத்தம் இந்த மூன்றும்தான் அங்கே ஆட்சி செய்பவை. வெல்டு பிடித்ததா என்று உளி வைத்து நெம்பிப் பார்க்கும் சோதனை இன்றும் உண்டு.

பிறகு பெயின்ட் ஷாப். கழுவி, பாஸ்பேட் பூச்சு கொடுத்து, கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரத்தால் முதல் பூச்சு ஏற்றுவார்கள். அது துருவிலிருந்து காப்பாற்ற. அதன் மேல் சீலர், பிரைமர், நிறம், கடைசியில் கிளியர் கோட். தலைமுடி ஒன்று விழுந்தாலும் ரீவொர்க்தான். அதன்பின் அசெம்பிளி. ஆள்கூட்டம் அதிகம் இருப்பதும், புதிய பொறியாளர்கள் அதிகம் போய் விழுவதும் அங்கேதான். கீழிருந்து என்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் ஏறி மேலே வரும் கூட்டோடு சேரும் இடத்துக்கு மேரேஜ் என்றே பெயர்.

இந்த நான்கில் எது உங்களுக்குப் பிடிக்கும், ஏன் என்று ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். "எதுவானாலும் ஓகே சார்" என்பது பணிவாகத் தோன்றலாம். கேட்பவர் காதில் "எதுவும் தெரியாது சார்" என்றுதான் விழும்.

5எஸ், கைசன், போகா யோகே எல்லாம் டெஃபினிஷன் படிச்சா போதுமா?

போதாது. வேலையிடத்தை ஒழுங்காக வைப்பது 5எஸ், சிறு சிறு முன்னேற்றம் கைசன், தப்பே நடக்காதபடி அமைப்பது போகா யோகே என்று எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள் என்பதால் இப்போது கணக்காகக் கேட்கிறார்கள். ஷிஃப்ட் 480 நிமிடம், சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீ பிரேக் தலா 10. அன்றைக்கு 430 கார் வேண்டும். டேக்ட் டைம், அதாவது ஒரு காருக்குக் கிடைக்கும் நேரம், எவ்வளவு? மீதி 430 நிமிடம், 430 கார், ஆக ஒரு காருக்கு 60 விநாடி. இதுவரை சுலபம். "சரி, ஒரு ஸ்டேஷனில் வேலைக்கு 68 விநாடி ஆகிறது, என்ன செய்வீர்கள்?" என்பதுதான் உண்மையான கேள்வி. கூடுதல் ஆள் போடுவேன் என்று உடனே சொல்லாதீர்கள். அந்த 68-ல் நடைக்கு எவ்வளவு, போல்ட்டைத் தேடி எடுக்க எவ்வளவு, உண்மையில் முறுக்க எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எட்டு விநாடி நடையிலும் தேடலிலும்தான் ஒளிந்திருக்கும். முடியாவிட்டால் ஒரு வேலையைப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நகர்த்தலாம்.

ஓஇஇ (மெஷின் எந்த அளவு முழுப் பயன் தருகிறது என்ற அளவு) கணக்கும் அப்படியே. கிடைத்த நேரம் 90 சதவீதம், வேகம் 95, தரம் 99 என்றால் பெருக்கிப் பார்க்க 84.6 வரும். மூன்றும் தொண்ணூறுக்குக் குறையாமல் இருந்தும் மொத்தம் ஏன் 85-ஐக்கூடத் தொடவில்லை என்று விளக்கத் தெரிய வேண்டும்.

"லைன்ல ஒரு ப்ராப்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேக்கறாங்க. இதுக்கு என்ன ஆன்சர் எதிர்பார்க்கறாங்க?

என்னைக் கேட்டால் மொத்த இன்டர்வியூவும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். உதாரணமாக: இடது பின் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று கடைசி ஆய்வில் பிடித்துவிட்டார்கள். நீங்கள் ஷிஃப்ட் பொறியாளர். முதலில் என்ன செய்வீர்கள்? "ரூட் காஸ் அனாலிசிஸ் (மூல காரணம் தேடுவது) செய்வேன்", "ஃபிஷ்போன் (காரணங்களை மீன்முள் போல வரையும் படம்) போடுவேன்", "டீமைக் கூப்பிட்டு மீட்டிங் வைப்பேன்" இவைதான் அதிகம் வரும் பதில்கள். நீங்கள் மீட்டிங் வைக்கும் நேரத்தில், போன கேள்வியில் பார்த்தபடி, நிமிடத்துக்கு ஒரு கார் அதே குறையோடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

முதல் வேலை, குறை பரவாமல் தடுப்பது. இதற்கு முன் போன கார்களில் எத்தனை இப்படி என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும், சந்தேகப்படும் வண்டிகளை ஹோல்டில் வைக்க வேண்டும், தேவைப்பட்டால் லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்தது, கடைசியாகச் சரியாக இருந்த கார் எது, முதலில் கெட்டது எது? இந்த இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது? ஆள் மாறினாரா, மெஷினில் கை வைத்தார்களா, புது லாட் பாகம் வந்ததா, வேலை செய்யும் வரிசை மாறியதா? கீல் போல்ட்டைப் புது ஆள் வேறு வரிசையில் முறுக்கியிருக்கலாம். அல்லது குறை இங்கே இல்லாமல், பாடி ஷாப் ஃபிக்ஸ்ச்சரில் (பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) ஒரு லொக்கேட்டிங் பின் தேய்ந்திருக்கலாம். இடத்துக்குப் போய், கதவைத் திறந்து மூடிப் பார்த்து, அந்த ஆபரேட்டரிடம் பேசியபிறகுதான், காரணத்துக்குக் காரணம் தோண்டும் ஐந்து "ஏன்"களும் ஃபிஷ்போனும்.

ஆபரேட்டரிடம் பேசுவேன் என்று தானாகச் சொல்பவர்கள் குறைவு. இருபது வருடம் அதே ஸ்டேஷனில் நிற்பவருக்குத் தெரிந்தது எந்தப் படிப்பிலும் வராது. அதைச் சொன்னதற்காகவே நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு.

சப்ளையர் கம்பெனியில குவாலிட்டியில ரெண்டு வருஷமா இருக்கேன். கார் கம்பெனி இன்டர்வியூல என்ன வித்தியாசமா கேப்பாங்க?

உங்களிடம் ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை), பிபிஏபி (பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் முறை), எஃப்எம்இஏ (எங்கே எப்படிக் கெடலாம் என்று முன்பே அலசுவது), எஸ்பிசி (புள்ளிவிவரத்தால் உற்பத்தியைக் கண்காணிப்பது) எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார்கள். அதனால் ஃபார்மட் நிரப்பியவரா, புரிந்து செய்தவரா என்று பார்ப்பார்கள். மேலே சொன்ன அதே 20 மில்லிமீட்டர் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். சராசரி 20.02, சிக்மா (அளவுகளின் சிதறல்) 0.01. சிபி (சிதறல் எல்லைக்குள் அடங்குமா என்ற அளவு) எவ்வளவு, சிபிகே (சராசரி நகர்ந்ததையும் சேர்த்துப் பார்ப்பது) எவ்வளவு? சிபி 1.67, பார்க்க அழகாக இருக்கிறது. சிபிகே வெறும் 1.0. வழக்கமாகக் கேட்கும் 1.33-க்குக்கூட வரவில்லை. மெஷினின் திறமையில் குறை இல்லை, செட்டிங்தான் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது, ஆஃப்செட்டைத் திருத்தினால் போதும். இதை இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தால் உங்கள் இரண்டு வருடமும் வீண் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்பார்கள்: வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த ஒரு குறையை எப்படி முடித்தீர்கள்? "ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தோம்" என்று முடியும் கதையை யாரும் நம்புவதில்லை. தப்பு செய்யவே முடியாதபடி ஃபிக்ஸ்ச்சரில் என்ன மாற்றினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

காட்டியா கோர்ஸ் முடிச்சுட்டேன். டிசைன் வேலை கிடைச்சுடுமா?

காட்டியா போன்ற டிசைன் சாஃப்ட்வேர் தெரிவது உள்ளே நுழைய மட்டும் உதவும். டாலரன்ஸ் ஸ்டாக்கப் (பல பாகங்களின் விலகல்கள் சேர்ந்து எவ்வளவு ஆகும்), ஜிடி அண்ட் டி (வடிவத்துக்கும் இடத்துக்கும் டிராயிங்கில் எல்லை குறிக்கும் முறை), பிளாஸ்டிக் பாகத்துக்கு டிராஃப்ட் ஆங்கிள் (சுவருக்குக் கொடுக்கும் சிறு சரிவு) ஏன் வேண்டும், தகட்டில் மடிப்பு ஆரம் எவ்வளவு வைப்பது, இவைதான் கேள்விகள். ஒரு பேப்பரைத் தள்ளி "டோர் ஹேண்டிலை வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், வரை" என்பார்கள். மவுஸ் இல்லாமல் வரையப் பழகுங்கள்.

எலக்ட்ரிக் கார் வந்துடுச்சு. மெக்கானிக்கலுக்கு இனி வேலை இருக்குமா? இன்டர்வியூலயே கேக்கறாங்க.

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025-ல் திறந்த தொழிற்சாலை மின்சாரக் காருக்கானதுதான். அங்கும் வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி ஷாப்புகள் இருக்கின்றன. என்ஜின், கிளட்ச், சைலன்சர் வேலைகள் குறையும். பேட்டரியைக் குளிர்விப்பது, கனமான பேட்டரியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்த எடைக்கேற்ற சஸ்பென்ஷன், என்ஜின் சத்தம் போனதால் புதிதாகக் காதில் விழும் மற்ற சத்தங்கள் என்று வேலைகள் கூடும். வெப்பப் பரிமாற்றத்தைக் கொஞ்சம் தூசு தட்டிக்கொள்ளுங்கள். மின்மோட்டார் காருக்குப் பொதுவாகப் பல கியர் தேவைப்படுவதில்லை, ஏன்? இது இப்போது அடிக்கடி வரும் கேள்வி. நின்ற நிலையிலிருந்தே முழு டார்க் (சுழற்றும் விசை) கிடைப்பதையும், மோட்டார் அதிக வேகம் வரை சுற்றுவதையும் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ் சரளமா வராது. தமிழ்ல பேசலாமா?

பேனலில் இருப்பவர் தமிழரா என்பதைப் பொறுத்தது. புனே ஆளோ கொரியரோ இருந்தால் ஆங்கிலம்தான். இலக்கணப் பிழையை யாரும் எண்ணுவதில்லை. திணறினால் பேப்பர் கேட்டு வரைந்து காட்டுங்கள். தமிழர் மட்டும் இருந்தால் "தமிழில் விளக்கலாமா சார்" என்று கேட்டுவிட்டுப் பேசலாம், தப்பே இல்லை. ஷாப் ஃப்ளோரில் நாள் முழுக்கப் பேசப்போவது தமிழும் கொஞ்சம் இந்தியும்தான்.

பொண்ணுங்களை ஷாப் ஃப்ளோருக்கு எடுப்பாங்களா? "கல்யாணம் எப்போ"ன்னு கேட்டா என்ன சொல்றது?

எடுக்கிறார்கள், எண்ணிக்கையும் கூடிக்கொண்டிருக்கிறது. தயக்கமில்லாமல் புரொடக்ஷனைக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் டாக்குமென்டேஷனில் உட்கார வைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் போகவில்லை. இரவு ஷிஃப்ட், கம்பெனி பஸ் எதுவரை வரும், தங்குமிடம் இவற்றை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணக் கேள்வி கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ஷிஃப்ட்டுக்கும் பயிற்சிக் காலத்துக்கும் நான் தயார் சார்" என்று வேலையைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள். சொந்த விவரத்துக்குள் போக வேண்டியதில்லை.

ஒரு வருஷம் கேப் இருக்கு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஒண்ணு ரெடி பண்ணிக்கலாமா?

கூடாது. உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வைத்தே எங்கே எத்தனை மாதம் இருந்தீர்கள் என்று சரிபார்க்கிறார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டு, அன்றைக்கே கேட்டுக்கு வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இடைவெளிக்குக் காரணம் உடம்பு சரியில்லை, போட்டித் தேர்வுக்குப் படித்தேன், கம்பெனி மூடிவிட்டது, எதுவானாலும் சொல்லலாம். மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது நல்ல திறமைசாலிகள் பலர் வேலை தேடும்படி ஆனது. அதை யாரும் அவர்கள் குறையாக நினைக்கவில்லை.

சிடிசி 6 லட்சம்னு சொல்றாங்க. கையில மாசம் 50 ஆயிரம் வருமா?

வராது. சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பிஎஃப் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், இன்சூரன்ஸ், சில இடங்களில் பஸ், கேன்டீன், வருடக் கடைசியில் தரும் ஊக்கத்தொகை எல்லாம் அந்த 6 லட்சத்துக்குள்தான். உங்கள் பங்கு பிஎஃப் தனியாகப் பிடிப்பார்கள். எச்ஆரிடம் "மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், முன்பே போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு, ட்ரெயினிங் டெபாசிட்னு 15 ஆயிரம் கேக்கறாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலைக்கு எடுக்கக் கார் கம்பெனி எதுவும் பணம் வாங்குவதில்லை. லெட்டரில் லோகோ, சீல் எல்லாம் அசலாகவே தெரியும். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள், லெட்டரில் உள்ள எண்ணுக்கு அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இன்டர்வியூ எடுக்கறவரே தப்பா சொன்னா திருத்தலாமா அண்ணா?

இதைக் கேட்ட தம்பி நல்லா வருவான் என்று அப்போதே நினைத்தேன். இரண்டு விதம் உண்டு. சில சமயம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, நீங்கள் தலையாட்டுகிறீர்களா என்று பார்ப்பார்கள். "இந்த போல்ட்டுக்கு டார்க் எவ்வளவு கூட்டி வைத்தாலும் நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டால் "ஆமாம் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். போல்ட் யீல்டு ஆகிவிடும் (நிரந்தரமாக நீண்டுவிடும்), பிடிமானம் போய்விடும் என்று காரணத்தோடு மறுக்க வேண்டும்.

சில சமயம் அவருக்கே நினைவு பிசகியிருக்கும். அப்போது "தப்பு சார்" என்று போட்டு உடைக்காமல், "நான் படித்தது வேறு மாதிரி இருக்கிறது சார், கணக்குப் போட்டுக் காட்டலாமா" என்று பேப்பரைக் கேளுங்கள். கணக்கைப் போட்டபின் முடிவை நீங்கள் அறிவிக்க வேண்டாம், பேப்பரை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.